வாய் பேசா மரங்களின் சாட்சியம்

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மவுத்தாகிவிட்டால், அவர் அன்றாடம் சாய்ந்திருந்த நாற்காலியை என்ன செய்வது என்னும் கேள்வி நாற்பதாம் நாளுக்குள் எப்படியும் எழுந்துவிடும். சிலர் அதைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். சிலர் யாருக்கேனும் கொடுத்துவிடுகின்றனர். எவரும் அமராமல், எவரும் அகற்றவும் துணியாமல், கூடத்தின் ஓரத்திலேயே அது கிடக்கும் வீடுகளும் உண்டு. விளையாடும் பிள்ளை அதில் ஏறப் போனால், "அது வாப்பாவுடைய நாற்காலி" என்று தாய் தடுப்பாள். "வாப்பாவுடையதாக இருந்தது" என்று அவள் சொல்வதில்லை. ஆளை இழந்த பின்னும் அவருடைய இடத்தை விட்டுக்கொடுக்க இசையாத மனமே அச்சொல்லில் ஒலிக்கிறது.

இது முறையாக நிகழ்ந்த ஒரு மரணத்தின் கதை. குளிப்பாட்டி, கஃபனிட்டு, நாலு பேர் தோள் கொடுத்துச் சுமந்து, மண்ணிட்டுத் திரும்பிய பின் எஞ்சிய நாற்காலி அது. ஆனால், மையித்தும் கிடைக்காமல், கபுறு எங்கே என்பதும் தெரியாமல், ஒரு மாலைப்பொழுதில் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட ஒருவருடைய நாற்காலியை அவ்வீட்டார் எங்கே வைப்பர்? அவரை இறந்தவர் என்று சொல்லவும் நா எழாது. இருப்பவர் என்று நம்பவும் வழியிராது.

இந்தக் கேள்வியையே தம் வாழ்நாட்பணியாக ஏற்றுக்கொண்டவர் டோரிஸ் சால்செடோ என்னும் கொலம்பிய நாட்டுச் சிற்பி. பிற சிற்பிகளுக்குக் கல்லும் வெண்கலமும் எவையோ, அவையே இவருக்குப் பழைய கட்டிலும் அலமாரியும் மேசையும் கதவும். அவருடைய படைப்புகளை மதிப்பிடுவதும், பிறருடைய துயரத்தைக் கலைப்பொருளாக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்பதை அவற்றின் வாயிலாக ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காணாமற்போனோரின் நாடு

சால்செடோ 1958ஆம் ஆண்டு பொகோட்டா நகரில் பிறந்தார். அங்கேயே கலைக்கல்வி பெற்று, பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலை பயின்று, 1984இல் முதுகலைப் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டார். அப்போது அந்நாடு போரின் நடுவே இருந்தது. அரசுப் படைகள், இடதுசாரிக் கெரில்லாக்கள், வலதுசாரித் துணைப்படைகள், போதைமருந்துக் கும்பல்கள் எனப் பல முனைகளில் நடந்த அப்போரில், துப்பாக்கி ஏந்தாத குடியானவர்களே பெரும்பாலும் மாண்டனர். கொலம்பியாவின் உண்மை ஆணையம் 2022இல் வெளியிட்ட இறுதி அறிக்கை, 1985 முதல் 2018 வரை கொல்லப்பட்டோர் குறைந்தது 4,50,664 பேர் எனக் கணக்கிட்டுள்ளது. வலுக்கட்டாயமாகக் காணாமற்போகச் செய்யப்பட்டோர் 1,21,768 பேர் என்பதும் அவ்வறிக்கை தரும் கணக்கே.

எண்கள் எவ்வளவு பெரியனவோ, அவ்வளவுக்கு அவை மனத்தில் தங்குவதில்லை. ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் பேர் என்று படிக்கும்போது பெருமூச்சு விடுகிறோம். அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறோம். சால்செடோ எண்களை விட்டு ஆட்களிடம் சென்றார். வன்முறை நடந்த ஊர்களுக்குப் பயணம் செய்து, கணவரையும் மக்களையும் பறிகொடுத்தவர்களின் அருகே அமர்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டார். கேட்டுத் திரும்பியவர் அவற்றைக் கதையாக எழுதவில்லை, முகங்களை வரையவில்லை, பெயர்களை வெளியிடவும் இல்லை. பட்டறைக்குள் புகுந்து பழைய மரச்சாமான்களைக் கையிலெடுத்தார்.

மரச்சாமானைக் கலையாக்கும் வழக்கம் கொலம்பியாவுக்குப் புதிதன்று. 1932இல் பிறந்த பியாட்ரிஸ் கோன்சாலஸ் என்னும் ஓவியர், 1970களிலேயே எளிய வீடுகளில் காணும் கட்டில்களிலும் மேசைகளிலும் பளிச்சிடும் வண்ணங்களால் ஓவியம் தீட்டிப் புகழ் பெற்றார். கோன்சாலஸின் கட்டில் ஓவியத்தைத் தாங்கும் சட்டமாகிறது. அதைக் காண்போர் புன்னகை செய்யவும் கூடும். சால்செடோவின் கட்டில் எதையும் தாங்குவதில்லை. அதற்கே ஏதோ நேர்ந்துவிட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டால் அவருடைய கலைக்குள் நுழைவது எளிதாகும்.

அடைபட்ட அலமாரி

1988இல் கொலம்பியாவின் உராபா பகுதியில் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் பலர் படுகொலை செய்யப்பட்டனர். அதன் பின்னர், 1989, 1990ஆம் ஆண்டுகளில் சால்செடோ செய்த படைப்பில் இரும்புக் கட்டில்கள் சுவரில் சாய்ந்து நின்றன. அவற்றின் முன்னே, சாந்தினால் இறுகிய வெள்ளைச் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுவே கூரிய இரும்புக் கம்பிகள் ஊடுருவியிருந்தன. வெளுத்து, மடித்து, பெட்டியில் வைக்கும் சட்டைகளைப் போலவே அவை தோன்றின. கணவர் நாளை உடுத்துவார் என்று மடித்து வைத்த கை எதுவோ, அந்தக் கையின் அன்பும் அதற்கு நேர்ந்த கதியும் ஒரே அடுக்கில் சேர்ந்துவிட்டன. இரத்தத்தின் ஒரு துளியும் அங்கே காட்டப்படவில்லை. காட்டப்படாமையினாலேயே நெஞ்சு பதைக்கிறது.

அடுத்து வந்தவை, அவர் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்த சிமெண்டுப் படைப்புகள். பழைய உடுப்பலமாரி ஒன்றை எடுத்து, அதன் உட்புறம் முழுவதையும் கான்கிரீட்டால் நிரப்பிவிடுகிறார். நாற்காலியின் இருக்கைக்கும் முதுகுக்கும் இடையிலும், கட்டிலின் தலைமாட்டிலும் அதே சாம்பல் நிறக் கலவை இறுகிக் கிடக்கிறது. சிலவற்றில் அக்கலவையின் மேற்பரப்பில் ஒரு சட்டையின் நெசவோ, ஒரு பாவாடையின் ஓரமோ புதைந்து தெரிகிறது.

அலமாரி என்பது திறந்து மூடுவதற்கு உரியது. மணப்பெண்ணின் சீர்வரிசையில் அது முதலிடம் பெறுவதும் அதனால்தான். ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் அனைத்தும் அதற்குள் அடங்கும். திறக்க இயலாத அலமாரியோ வாயடைக்கப்பட்ட மனிதருக்கு நிகர். அதனுள் ஏதோ இருக்கிறது என்பது தெரிகிறது, எடுக்க வழியில்லை. காணாமற்போனவரின் வீட்டார் ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கும் நிலை இதுவே அன்றோ? புதைக்கவும் இயலாத, மறக்கவும் இயலாத ஒன்று நெஞ்சில் கட்டியாக இறுகிக் கிடப்பதை, மரத்தையும் சிமெண்டையும் தவிர வேறொன்றையும் கொண்டு வராமல் இவர் உணர்த்திவிடுகிறார்.

கைம்பெண் வீடு

1992 முதல் 1995 வரை உருவான படைப்பு வரிசைக்கு அவர் இட்ட பெயர் 'லா காஸா வியூதா'. கைம்மை உற்ற வீடு என்பது அதன் பொருள். கணவரை இழந்தவள் கைம்பெண் ஆவதைப் போல, குடியிருந்தோரை இழந்த வீடும் கைம்மை அடைகிறது என்னும் கருத்து அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. போரினால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தோர் பல லட்சம் பேர் வாழும் நாட்டில் இது வெறும் உவமையாக நின்றுவிடுவதில்லை.

அவ்வரிசையில், வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்த பழைய கதவுகள் தனியே நிற்கின்றன. நிலையும் இல்லை, சுவரும் இல்லை. திறந்தால் போய்ச் சேர அறையும் இல்லை. ஒரு கதவின் அடியில் நாற்காலியின் ஒரு பகுதி, அறுவை செய்து ஒட்டப்பட்டதைப் போல இணைந்திருக்கிறது. அதன்மேல் மெல்லிய துணி, தோலைப் போல மரத்தோடு படிந்திருக்கிறது. வீட்டின் உள்ளே இருக்க வேண்டிய நாற்காலி வாசலிலேயே சிக்கிக்கொண்டது என்று அதைக் கொள்ளலாம். ஓடவும் இயலாமல், இருக்கவும் இயலாமல் போனவர்களின் நிலை அதுவாகும்.

யத்தீம் பிள்ளையின் அங்கி

இவருடைய படைப்புகளுள் தலைசிறந்தது எது என வினவினால், 1995க்கும் 1998க்கும் இடையே அவர் செய்த மூன்று மேசைகளையே நான் சுட்டுவேன். அவ்வரிசையின் பெயர் 'அன்லேண்ட்'. நிலமல்லாத நிலம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். அவற்றுள் 1997இல் நிறைவுற்ற ஒன்றின் பெயர் 'அநாதையின் அங்கி'.

தன் தாய் கொல்லப்படுவதைக் கண்ணால் கண்ட ஒரு சிறுமியைச் சால்செடோ சந்தித்தார். ஏறத்தாழ ஆறு வயது. நாள்தோறும் அச்சிறுமி ஒரே உடையையே உடுத்தி வந்தாள். அவ்வுடை தாய் அவளுக்காகத் தைத்துக் கொடுத்தது. அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்தது இம்மேசை.

தொலைவிலிருந்து நோக்கினால் அது சாதாரணச் சாப்பாட்டு மேசை. சற்று நெருங்கினால், வெவ்வேறான இரண்டு மேசைகளை உடைத்து ஒன்றாக இணைத்திருப்பது புலப்படும். ஒரு பாதி பழுப்பு, மறுபாதி வெளுப்பு. இன்னும் நெருங்கினால் அந்த வெளுப்பு மரத்தின் நிறமன்று, மரத்தின்மேல் போர்த்திய மெல்லிய பட்டு என்பது தெரியும். முகம் பதியும் அளவுக்குக் குனிந்து பார்த்தால்தான் கடைசி உண்மை வெளிப்படும். மரத்தில் நுண்ணிய துளைகள் ஆயிரக்கணக்கில் இடப்பட்டு, அவற்றின் வழியே மனிதத் தலைமயிர் ஊசி நூலைப் போலக் கோத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. பட்டும் மரமும் இணையும் இடத்தில் அம்மயிர் அடர்ந்து, ஒரு பட்டையாகக் கருமை பூண்டுள்ளது.

மரத்தை எவரேனும் தைப்பரோ? தைக்க இயலாததைத் தைக்க முயன்றதே இப்படைப்பின் உயிர் என்பது என் கருத்து. தாய் துணியில் இட்ட தையல் மகளின் உடலில் ஓர் அரணாக நின்றது. அதற்கு ஈடாக ஏதேனும் செய்ய வேண்டுமென விழைந்த ஒரு கலைஞர், உதவியாளர்களோடு அமர்ந்து, துளை துளையாக, இழை இழையாக, நாட்களைச் செலவிட்டிருக்கிறார். உடைந்த இரண்டு பாதிகளை ஒட்டப் பசை போதுமே என்று கேட்பவருக்கு இக்கலை எட்டாது. பசை ஒரு நாளில் காய்ந்துவிடும். துக்கம் காய எத்தனை நாள் ஆகும் என்பதைக் கையால் அளந்து காட்டிய மேசை இது.

இப்படைப்பு காண்பவரைத் தன்னிடம் குனியச் செய்கிறது என்பதையும் கவனித்தல் வேண்டும். நிமிர்ந்து நின்று, ஒரு நோட்டம் விட்டு நகர்பவர் அதில் ஒன்றையும் காண மாட்டார். துக்க வீட்டுக்குச் சென்று வாசலில் நின்றபடியே திரும்புபவருக்கும், உள்ளே அமர்ந்து பேசாமல் சிறிது நேரம் இருப்பவருக்கும் உள்ள வேறுபாடே இது.

தெருவுக்கு வந்த நாற்காலிகள்

1985ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், எம்-19 என்னும் கெரில்லா அமைப்பினர் பொகோட்டாவின் நீதி மாளிகையைக் கைப்பற்றினர். இராணுவம் பீரங்கி வண்டிகளோடு நுழைந்தது. மறுநாள் முற்றுகை முடிந்தபோது மாளிகை தீக்கிரையாகியிருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேர் உட்பட ஏறத்தாழ நூறு பேர் மாண்டிருந்தனர். மாளிகையின் சிற்றுண்டிச்சாலை ஊழியர்கள் உள்ளிட்ட சிலர் காணாமற்போயினர். அவ்வழக்கில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் கொலம்பிய அரசைப் பொறுப்பாளியாக்கித் தீர்ப்பளித்தது 2014இல்தான்.

தீர்ப்புக்கு முன்பே, 2002ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் காலை 11.35 மணிக்கு, புதிதாக எழுப்பப்பட்டிருந்த அம்மாளிகையின் கூரையிலிருந்து ஒரு மர நாற்காலி மெல்லச் சுவரில் இறங்கியது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் முதல் உயிர் பிரிந்த நேரம் அது. பின்னர் மற்றொன்று, பின்னர் வேறொன்று. 53 மணி நேரம், சிலபோது தனித்தும் சிலபோது கூட்டமாகவும், மொத்தம் 280 வெற்று நாற்காலிகள் இறங்கின. கடைக்குப் போவோரும் அலுவலகம் போவோரும் அண்ணாந்து பார்த்தனர். மறந்துவிட்டதாக நினைத்திருந்த ஒன்று அவர்களுடைய கண்முன்னே தொங்கியது.

மறு ஆண்டு, 2003இல், இஸ்தான்புல் நகரின் எட்டாவது ஈராண்டுக் கலைவிழாவுக்காக, இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த ஒரு பகுதியில், இரண்டு கட்டிடங்களுக்கு இடையே வெறுமையாகக் கிடந்த மனையில் 1,550 மர நாற்காலிகளைக் குவித்தார். கட்டிடங்களின் முகப்புச் சுவர் எங்கே முடிகிறதோ, அங்கேயே நாற்காலிகளின் குவியலும் நேர்க்கோடாக வெட்டியதைப் போல முடிந்தது. இடம்பெயர்ந்து வந்து உலகப் பொருளாதாரத்தின் அடித்தளத்தில் முகமற்று உழைப்போரை அது குறித்தது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பொகோட்டாவின் நாற்காலி ஒவ்வொன்றும் தனித்து இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரமும் ஓர் இடமும் இருந்தன. இஸ்தான்புல்லிலோ நாற்காலி தன் தனிமையை இழந்து, செங்கல்லைப் போலக் குவியலின் ஒரு கூறாகிவிட்டது. முகமற்றவர்களைக் காட்ட அதுவே தக்க வழி என்று வாதிடலாம். வாதத்தில் உண்மையும் உண்டு. எனினும், அக்காட்சி வியப்பை முதலில் எழுப்புகிறது. துயரம் பின்னால்தான் வருகிறது, சிலருக்கு வராமலும் போகலாம். ஒளிப்படமாக உலகெங்கும் பரவியதற்கும் அவ்வியப்பே காரணம். 'அநாதையின் அங்கி'யை ஒளிப்படம் பிடித்தால் ஒரு மேசைதான் தெரியும். ஒரு படைப்பு ஒளிப்படத்துக்கு அகப்பட மறுப்பதும் அதன் மேன்மைக்கு ஓர் அடையாளம் என்றே கொள்கிறேன்.

உரிமை யாருடையது?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஓர் ஏழைக் குடியானவப் பெண்ணின் கண்ணீர், பணக்கார நாடுகளின் அருங்காட்சியகங்களில் மெருகேறிய தரையின்மேல் மேசையாக நிற்கிறது. அதைச் செய்தவருக்கு 2014இல் ஹிரோஷிமா கலைப் பரிசு உள்ளிட்ட பல சிறப்புகள் வந்தன. அப்பெண்ணுக்குக் கிடைத்தது என்ன? கணவர் திரும்பவில்லை, நீதியும் வந்தபாடில்லை. இது பிறர் துக்கத்தில் குளிர்காய்தல் ஆகாதா?

கடுமையான இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. மற்றொரு குறையும் உண்டு. சுவரில் எழுதிய விளக்கத்தைப் படிக்காதவருக்குச் சிமெண்டு நிரம்பிய அலமாரி ஒரு புதிராகவே நின்றுவிடக்கூடும். சொல்லின் துணையின்றி நிற்க இயலாத சிற்பம் முழுமை பெற்றதாகுமா எனவும் கேட்கலாம்.

இரண்டுக்கும் என் விடை இது. துக்கத்தை விற்பவர் முதலில் விற்பது முகத்தையும் பெயரையும். அழும் தாயின் படத்துக்கு இருக்கும் மதிப்பை நாளேடுகள் நன்கறியும். சால்செடோ தம்மிடம் நம்பி உரைக்கப்பட்ட எதையும் காட்சிக்கு வைக்கவில்லை. அமானிதத்தைக் காப்பவர் போலக் காத்தார். விளக்கம் இல்லாவிடினும், பயன்படாமற்போன ஒரு கட்டிலின் முன் நிற்பவருக்கு, ஒரு வீட்டுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்பது எம்மொழியிலும் விளங்கும். எந்த வீடு, எந்த ஊர் என்பதை மட்டுமே சுவர் எழுத்து சொல்கிறது.

எனினும், உரிமை பற்றிய வினாவுக்கு முழு விடையைச் சொல்லால் தந்துவிட முடியாது. அதைச் சால்செடோவும் அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்காலப் படைப்புகளே சான்று.

புல்லும் தரையும்

2008 முதல் 2010 வரை உருவான 'பிளெகாரியா மூடா'வின் பெயருக்கு 'ஊமைப் பிரார்த்தனை' என்பது பொருள். ஒரு மேசையின்மேல் மற்றொரு மேசை கால் மேலாகக் கவிழ்க்கப்பட்டு, இரண்டுக்கும் இடையே மண் பரப்பப்பட்டுள்ளது. இத்தகைய இணைகள் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சந்தூக்கின் நீளம். கொலம்பிய இராணுவத்தினர் ஏழை இளைஞர்களைக் கொன்று, போரில் வீழ்ந்த கெரில்லாக்கள் எனக் கணக்குக் காட்டிய கொடுமை இதன் பின்னணியில் உள்ளது. 2002 முதல் 2008 வரை அவ்வாறு கொல்லப்பட்டோர் 6,402 பேர் என அந்நாட்டின் சிறப்பு நீதி அமைப்பு 2021இல் அறிவித்தது.

இம்மேசைகள் பழையன அல்ல; இப்படைப்புக்கென்றே செய்யப்பட்டவை. அதனால், பிறர் கைபட்டுத் தேய்ந்த மரத்தில் உள்ள வாழ்வின் சுவடு இவற்றில் இல்லை. அவ்வெறுமையை நிரப்புவது புல். கவிழ்ந்த பலகையின் நுண்ணிய துளைகளின் வழியே பச்சைப் புல் உயிரோடு முளைத்தெழுகிறது. கண்காட்சி நடக்கும் வரை யாரேனும் அதற்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். கபுறின்மேல் நீர் தெளித்துப் பழகிய கைகளுக்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

2016இல் கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் என்னும் கெரில்லா அமைப்புக்கும் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. ஒப்படைக்கப்பட்ட ஆயுதங்களிலிருந்து ஒரு நினைவுச்சின்னம் எழுப்பும் பொறுப்பு சால்செடோவிடம் வந்தது. உயர்ந்த தூணொன்றை எவரும் எதிர்பார்த்திருப்பர். அவர் ஒரு தரையைச் செய்தார். 37 டன் ஆயுதங்களை உருக்கி வார்த்த கட்டங்களால் ஆன 'ஃபிராக்மெண்டோஸ்' என்னும் அத்தரை 2018இல் பொகோட்டாவில் திறக்கப்பட்டது. அக்கட்டங்களுக்கான உலோகத் தகடுகளைச் சம்மட்டியால் அடித்து மேடு பள்ளமாக்கியவர்கள், போரில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்கள். அவர்களுடைய அடி ஒவ்வொன்றும் அத்தரையில் பதிந்திருக்கிறது.

முப்பது ஆண்டுகளாக அவர்களுக்காகத் துளையிட்டும் தைத்தும் வந்த கலைஞர், இங்கே கருவியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். உரிமை யாருடையது என்னும் கேள்விக்கு அவர் தந்த விடை இதுவென்றே கருதுகிறேன். முதலில் கேட்டார், பின்னர்க் கேட்டதைச் சுமந்தார், முடிவில் உரியவர்களிடம் சேர்த்தார்.

கட்டிலில் தொடங்கி, அலமாரி, கதவு, மேசை, நாற்காலி என ஒரு வீட்டின் சாமான்களையெல்லாம் கடந்து வந்த அக்கலை, இறுதியில் அவையனைத்தும் நிற்க வேண்டிய தரையை வந்தடைந்திருக்கிறது. அத்தரையில் இனி யாருடைய நாற்காலி போடப்படும், அதில் யார் வந்து அமர்வர் என்பதைச் சொல்லச் சிற்பியால் இயலாது. அது அந்நாட்டு மக்கள் கையில் இருக்கிறது.